பாஸ் பிசகுகிறதா? அமெரிக்கக் கால்பந்தின் காற்றழுத்தம்: அறிகுறி வாரியாக

அமெரிக்கக் கால்பந்தில் பாஸ், அதாவது சக வீரருக்குக் கையால் எறியும் பந்து, சரியாகப் போகவில்லை என்றால் பலர் முதலில் கைவைப்பது பந்தின் காற்றில்தான். கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார்கள், அப்புறம் கொஞ்சம் ஏற்றிப் பார்ப்பார்கள். 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி காற்றிறக்கிய பந்துகளைப் பயன்படுத்தியதாக எழுந்த புகார் நீதிமன்றம் வரை போனது. காற்றைக் குறைத்தால் பாஸ் தானாகச் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு அந்த வழக்கு நன்றாகவே தீனி போட்டது.

காற்றழுத்தம் முதலில் மாற்றுவது இரண்டு விஷயங்களை: எறிபவர் கையில் பந்து எப்படி உட்காருகிறது, பிடிப்பவர் கையில் எப்படி வந்து விழுகிறது. கையை விட்டுப் போன பந்து காற்றில் பறக்கும் விதத்தை அது மிகக் குறைவாகவே மாற்றும். அதனால் பிசகு எங்கே தெரிகிறது என்று முதலில் பாருங்கள். எறியும் கையிலா, பறக்கும்போதா, பிடிக்கும் கையிலா? அதற்குப் பிறகு காற்றடிக்கும் ஊசியை எடுக்கலாம்.

தொடங்குவதற்கு முன்: சரியாக அளப்பது

அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் விதிப்படி பந்தின் அழுத்தம் 12.5 முதல் 13.5 பிஎஸ்ஐக்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இருக்க வேண்டும். பார் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 0.86 முதல் 0.93. எடை 14 முதல் 15 அவுன்ஸ், அதாவது 397 முதல் 425 கிராம். சிறுவர் பந்துகளில் வால்வுக்குப் பக்கத்தில் எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். அது வேறாக இருந்தால் அந்த எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும்.

பந்தை எந்தக் குளிரில், எந்த வெயிலில் எறியப் போகிறீர்களோ, அங்கேயே அரை மணி நேரம் வைத்துவிட்டு அளவெடுங்கள். ஊசி நுனியில் ஒரு சொட்டு கிளிசரின் தடவுங்கள், அது இல்லாவிட்டால் தண்ணீராவது தொட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த ஊசியை அழுத்திச் செருகினால் வால்வின் உள் ரப்பர் கிழியும், சில சமயம் ஒரேயடியாக உள்ளே போய்விடும். நேராகச் செருகுங்கள், ஒரு முறை படியுங்கள், எடுத்துவிடுங்கள். செருகும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று போகும். "இன்னொரு தடவை பார்ப்போம்" என்று நாலைந்து முறை குத்தினால், அளந்ததாலேயே காற்று குறைந்து நிற்கும்.

பந்தைத் தேய்த்த கையோடும் அளக்க வேண்டாம். பிரஷ் போட்டுத் தேய்த்த பந்து சூடாகி, இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆறவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அறிகுறி: எறியும்போது பந்து கையை விட்டு வழுக்குகிறது

பெரும்பாலும் ஆட்கள் காற்றைக் குறைக்கப் போவது இந்த இடத்தில்தான். காற்று உண்மையிலேயே காரணமாக இருக்கவும் இடமுண்டு. 13.5-க்கு மேல் போன பந்தில் விரல் பதியாது, விரல் நுனி தோலின் மேலேயே வழுக்கும். 2014 அக்டோபர் 16 அன்று நியூயார்க் ஜெட்ஸுடன் ஆடிய ஆட்டத்தில் பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் (பாஸ் எறியும் முதன்மை வீரர்) டாம் பிரேடி பந்துகளைப் பற்றிக் கடுமையாகக் குறைபட்டார். மறுநாள் அணியின் உபகரணப் பொறுப்பாளர்கள் அளந்தபோது சில பந்துகள் 16 பிஎஸ்ஐக்குப் பக்கத்தில் இருந்ததாகத் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. அந்த அளவில் எந்தக் குவார்ட்டர்பேக்குக்கும் கை வழுக்கத்தான் செய்யும்.

ஆகவே முதலில் அளந்துவிடுங்கள். 13.5-ஐத் தாண்டியிருந்தால் ஊசியைச் செருகிக் கொஞ்சம் விட்டு 12.5-க்கும் 13-க்கும் நடுவே நிறுத்துங்கள். எண் ஏற்கெனவே அந்த எல்லைக்குள் இருந்தும் வழுக்குகிறது என்றால், காற்றைத் தொடாமல் பந்தின் மேற்பரப்பைப் பாருங்கள்.

புதுத் தோல் பந்தின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு இருக்கும். கடையிலிருந்து வந்த பந்தை அப்படியே எறிந்தால் பாதிப் பேருக்கு வழுக்கும். லேசாக ஈரமாக்கிய துணியால் துடைத்து, குதிரைமுடி பிரஷால் தோலின் பொரிப் பொரியான மேடுகளுக்கு நடுவே போய்வரும்படி தேய்க்க வேண்டும். தோல் பந்துக்கென்றே விற்கும் கண்டிஷனர் கட்டியைத் தடவி மறுபடி தேய்த்தால் நிறம் கொஞ்சம் கறுத்து, விரல் ஒட்டுகிற மாதிரி ஒரு பிசுக்கு வரும். அந்தப் பிசுக்குதான் குவார்ட்டர்பேக்குகள் தேடுவது. ஒரே அழுத்தத்தில் ஒரு புதுப் பந்தையும் இப்படிப் பழக்கிய பந்தையும் ஒரு சிறுவன் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பழகிய பந்தைத்தான் "காற்று குறைவு" என்று சொல்வான், இரண்டிலும் கேஜ் (அழுத்தமானி) ஒரே எண்ணைக் காட்டினாலும்.

அதற்கும் பிறகு வழுக்குகிறதா? இனிப் பார்க்க வேண்டியது கையின் அளவு. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 11 வயதுப் பிள்ளை கையில் பெரியவர்கள் எறியும் முழு அளவுப் பந்தைக் கொடுத்துவிட்டு, பிடி கிடைக்க வேண்டும் என்று 10 பிஎஸ்ஐக்கு இறக்குவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் கெடுதல். முழு அளவுப் பந்தின் நடுச் சுற்றளவு 21 அங்குலத்துக்குக் குறையாது. காற்றை இறக்கினாலும் அந்தச் சுற்றளவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது, பந்து தொளதொளவென்று ஆகும், அவ்வளவுதான். பிள்ளை மணிக்கட்டை முறுக்கி, உள்ளங்கை முழுவதையும் பந்தில் ஒட்டவைத்து, தோள்பட்டையால் தள்ளப் பழகிவிடுவான். அப்படிப் பழகிய கையைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. 6 முதல் 9 வயதுக்கு, 9 முதல் 12-க்கு, 12 முதல் 14-க்கு என்று தனித்தனி அளவில் பந்துகள் கிடைக்கின்றன. சரியான அளவை வாங்கி, அதற்குரிய அழுத்தத்தில் வையுங்கள்.

பெரியவர்களில் சின்னக் கை ஒரு தடையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி உண்டு. 2020-இல் என்எஃப்எல் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாகத் தேர்வான குவார்ட்டர்பேக் ஜோ பரோவின் கையை விரித்து அளந்தபோது, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை 9 அங்குலம்தான். அடுத்த ஆண்டின் பருவத்திலேயே அணியை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை கொண்டுபோனார். 2022-இல் முதல் சுற்றில் தேர்வான கென்னி பிக்கெட்டுக்கு 8.5 அங்குலம். அவர் இரண்டு கையிலும் கையுறை போட்டு எறிந்தார். விதியும் அதற்கு இடம் தருகிறது. வழுக்கலுக்குக் கையுறை நேர்மையான, மலிவான மருந்து.

அறிகுறி: எறிந்தது நன்றாகப் போகிறது, ரிசீவர் (பாஸைப் பிடிப்பவர்) கையில் பட்டுத் தெறிக்கிறது

பந்து கல் மாதிரி இருந்தால் கையில் பட்டவுடன் குதித்துவிடும், விரல்கள் மூடுவதற்கு நேரம் கிடைக்காது. கொஞ்சம் மெத்தென்ற பந்து மோதும்போது சற்றே அமுங்கும், அந்த நொடியின் சிறு பகுதிக்குள் விரல் மூடிவிடும். விதி எல்லைக்குள் இருக்கும் பந்தில் காற்றைக் குறைப்பதால் உண்மையான பலன் கிடைப்பது இந்த ஒரு இடத்தில்தான் என்பேன். 13.5-இல் இருக்கும் பந்தை 12.5-க்குக் கொண்டுவந்து ஒரு பயிற்சி முழுக்க அதிலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

இறக்கியும் தெறித்தால் ரிசீவரின் கைகளைப் பாருங்கள். பந்து மார்புக்கு மேலே வரும்போது கட்டைவிரல்கள் சேர்ந்திருக்க வேண்டும், இடுப்புக்குக் கீழே வரும்போது சுண்டுவிரல்கள் சேர்ந்திருக்க வேண்டும். விரலால் பிடிக்காமல் உள்ளங்கையால் தட்டிப் பிடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு எந்த அழுத்தமும் உதவாது. கடுங்குளிரில் விரல் மரத்துப்போனாலும் இதே அறிகுறிதான் வரும். அங்கே பந்தின் காற்று குறைந்திருக்கும், ஆனாலும் தெறிக்கும்.

அறிகுறி: வீட்டில் சரியாக இருந்தது, மைதானத்தில் தளர்ந்துவிட்டது

ஓட்டை என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கேஜ் காட்டுவது உள்ளே இருக்கும் மொத்த அழுத்தத்தை அல்ல, வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதை. கடல் மட்டத்தில் வெளிக்காற்றே சுமார் 14.7 பிஎஸ்ஐ. கேஜ் 12.5 காட்டும்போது உள்ளே உண்மையில் 27.2 இருக்கிறது. குளிர்ந்தால் அந்த 27.2 முழுவதும் விகிதப்படி சுருங்கும், ஆனால் வெளியே உள்ள 14.7 அப்படியே நிற்கும். ஆக, குறைவு முழுவதும் கேஜ் எண்ணில்தான் வந்து விழும். கைக்கணக்கு இது: 10 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தால் கேஜில் 0.9 பிஎஸ்ஐ போகும்.

2016 ஜனவரி 10 அன்று மினியாபொலிஸில் வைக்கிங்ஸ் அணிக்கும் சீஹாக்ஸ் அணிக்கும் ஆட்டம் தொடங்கியபோது வெப்பநிலை மைனஸ் 21 டிகிரி. 22 டிகிரி அறையில் 13 பிஎஸ்ஐ வைத்த பந்து அந்தக் குளிரில் முழுக்க ஆறிப்போனால் கேஜ் 9-ஐ ஒட்டிக் காட்டும். ஒரு துளி காற்றுகூட வெளியே போயிருக்காது.

பேட்ரியட்ஸ் விவகாரத்தின் நடுச் சிக்கலும் இதுவே. 2015 ஜனவரி 18, ஃபாக்ஸ்பரோ, எதிரணி இண்டியனாபொலிஸ் கோல்ட்ஸ். முதல் பாதியில் கோல்ட்ஸ் இடைமறித்துப் பிடித்த ஒரு பந்தை அவர்கள் ஆட்களே அளந்து புகார் சொன்னார்கள். இடைவேளையில் பேட்ரியட்ஸின் 11 பந்துகளையும் அளந்தபோது ஒன்றுகூட 12.5-ஐத் தொடவில்லை. அணி 12.5-இல் கொடுத்த பந்து சுமார் 9 டிகிரிக் குளிரில் 11.3 முதல் 11.5 வரை இறங்குவது இயல்பு என்று விசாரணைக்காகக் கணக்குப் போட்ட பொறியாளர்களே சொன்னார்கள். மிச்ச வித்தியாசம் குளிரால் வந்ததா, யாரோ இறக்கியதா என்பதில்தான் சண்டை. கடைசியில் பிரேடிக்கு 4 ஆட்டத் தடை, அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதம். அதோடு இரண்டு வீரர் தேர்வு வாய்ப்புகளும் போயின.

எனக்கு அந்த ஆட்டத்தில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. முதல் பாதியில், காற்று குறைந்த பந்துகளால், பிரேடி 21 பாஸில் 11-ஐச் சேர்த்தார், 95 கெஜம். இடைவேளையில் பந்துகளுக்குக் காற்றடித்து விதிக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டாம் பாதியில் 14-க்கு 12, 131 கெஜம். ஆட்டம் 45-7. ஒரே ஆட்டத்தை வைத்துச் சட்டம் எழுத முடியாது. ஆனால் காற்று ஏறியதால் அவர் பாஸ் கெடவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, உங்கள் பந்துக்கு என்ன செய்வது? ஆட்டம் குளிரில் என்றால், பந்தை முன்கூட்டியே வெளியே வைத்து ஆறவிட்டு, அங்கேயே 12.5-க்கு மேல் வருமாறு காற்றடியுங்கள். திரும்பி வந்ததும் கொஞ்சம் இறக்கிவிட மறக்காதீர்கள். குளிரில் 13 வைத்த பந்தை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் போட்டால் எண் 16, 17 என்று ஏறும், தையல்தான் அதன் விலையைக் கொடுக்கும்.

அறிகுறி: இரண்டு கேஜ், இரண்டு எண்

இதே விசாரணையில் பேட்ரியட்ஸின் எட்டாவது பந்து ஒரு கேஜில் 11.10, மற்றதில் 11.55. அந்த 11 பந்துகளின் சராசரி ஒரு கேஜில் 11.11, மற்றதில் 11.49. எந்த கேஜை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து, குளிர்தான் காரணம் என்றோ யாரோ இறக்கினார்கள் என்றோ சொல்லிவிடக்கூடிய இடைவெளி அது. பெரிய லீகிலேயே இப்படி என்றால், கடையில் வாங்கிய கேஜில் 0.3, 0.4 வித்தியாசம் வருவதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. ஒரே கேஜை வைத்துக்கொள்ளுங்கள், எல்லாப் பந்தையும் அதிலேயே அளங்கள், கீழே போடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது பந்துக்குப் பந்து வித்தியாசம் இல்லாமல் இருப்பது. பயிற்சியில் 11.5-லும் ஆட்டத்தில் 13.5-லும் எறியும் பையனுக்குத்தான் பாஸ் கெடுகிறது.

அறிகுறி: பந்து தள்ளாடிக்கொண்டே பறக்கிறது

பெரும்பாலும் கை. நன்றாக ஸ்பைரல் (பந்து தன் நீள அச்சில் சுழன்று நேராகப் போகும் பாஸ்) போடும் இன்னொருவரிடம் அதே பந்தைக் கொடுங்கள். அவர் கையில் பந்து முனை அசையாமல் போனால் காற்றைத் தொடவே வேண்டாம். கடைசியாகப் பந்தை விடுவது ஆள்காட்டி விரலாக இருக்கிறதா, உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா, விட்டபின் கட்டைவிரல் கீழ்நோக்கித் திரும்புகிறதா என்று கைப்பேசியில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று பிசகினால் சுழலும் அச்சும் பந்தின் நீள அச்சும் விலகி நிற்கும். கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் அந்த விலகல்தான்.

அவருக்கும் ஆடினால் பந்தைச் சந்தேகிக்கலாம். ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து உருட்டுங்கள். நாலு தையலும் முனையில் சமமாகச் சேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உப்பலாக இருந்தால் உள்ளே பிளாடர் (காற்றுப் பை) மடிந்து உட்கார்ந்திருக்கும், இல்லாவிட்டால் தோல் நைந்து நீண்டிருக்கும். காற்றைப் பாதிக்கு இறக்கி, கையால் பிசைந்துவிட்டு, மறுபடி மெதுவாக ஏற்றினால் மடிந்த பிளாடர் சில சமயம் சரியாக உட்காரும். நீண்ட தோலுக்கு வைத்தியம் கிடையாது. 10-க்கும் கீழே இறங்கிய பந்தில், விரலின் இழுப்பில் தோல் அமுங்கிச் சுழற்சி குறைவதும் உண்டு.

அறிகுறி: தூரம் போதவில்லை

காற்றைக் குறைத்தால் பந்து இலேசாகும், அதனால் தூரம் போகும் என்றும், காற்று கூடினால் கனம் கூடும் என்றும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இரண்டுமே நிற்காது. 2 பிஎஸ்ஐ காற்றை இறக்கினால் குறையும் எடை ஒரு கிராமுக்கும் கீழே, 400 கிராம் பந்தில். குளிர்நாளில் தூரம் குறைவதற்கு வெளிக்காற்று ஒரு காரணம்: 22 டிகிரியைவிட 0 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 8 சதவீதம் கூடுதல், பந்தை அந்த அளவுக்கு அதிகமாகத் தடுக்கும். விறைத்த தோளும் ஒரு காரணம். நன்றாக உடம்பைச் சூடேற்றிவிட்டு எறியச் சொல்லுங்கள்.

அறிகுறி: ஊர் மாறியதும் பந்து கல்லாகிவிட்டது

டென்வர் போன்ற உயரமான ஊருக்குப் போனவர்கள் சொல்வது. டென்வர் கடல் மட்டத்துக்கு 1,600 மீட்டர் மேலே. அங்கே வெளிக்காற்று 12.1 பிஎஸ்ஐ அளவில்தான். பாஸ்டனில் 13 வைத்த பந்து அங்கே அதே வெப்பநிலையில் 15-க்கு மேல் காட்டும். இறங்கிய ஊரிலேயே அளந்து சரிசெய்யுங்கள். அங்கே காற்று மெல்லியது என்பதால் நீளமான பாஸ்கள் வழக்கத்தைவிட எட்டிப் போகும். அதையும் பந்தின் காற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: மழையில் பிடி போய்விட்டது

நனைந்த தோல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், பந்தும் சீக்கிரம் குளிரும், உள்ளே கொண்டுவந்தாலும் சூடேற நேரமாகும். காற்றை இறக்கிப் பிடி தேடாதீர்கள். பந்துகளை மாற்றி மாற்றிப் போடுங்கள், உலர்ந்த துண்டு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். முடிந்ததும் நிழலில் காயவையுங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்த தோல் விறைத்து வெடிக்கும், அதற்குப் பிறகு எந்தக் கண்டிஷனரும் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது.

அறிகுறி: வாராவாரம் காற்று இறங்குகிறது

ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில், இரண்டு நாள் இடைவெளி விட்டு அளங்கள். எண் மாறவில்லை என்றால் குற்றவாளி குளிர்தான். அரை பிஎஸ்ஐக்கு மேல் போயிருந்தால் வால்வின் மேல் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் வால்வில் கசிவு. கிளிசரின் விட்டு ஊசியை இரண்டு முறை மெதுவாகச் செருகி எடுத்தால் உலர்ந்த ரப்பர் சில நேரம் மறுபடி இறுகிக்கொள்ளும். குமிழியே வராமல் காற்று மட்டும் போகிறது என்றால் பிளாடரில் ஓட்டை. தோல் பந்தை முழுசாகத் தண்ணீரில் அமுக்கி அந்த ஓட்டையைத் தேட வேண்டாம். லேஸைப் பிரித்துப் பிளாடரை மாற்றித் தருகிறவர்கள் இருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பந்தில் ஒரு குறி போட்டு, குவார்ட்டர்பேக் கைக்குப் போகாதபடி ஓடும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.